ஒரு கிலோமீட்டருக்குள் ஆளில்லை

மிருணாளினியின் வேலை என்னவென்று பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒருவருக்கும் சரியாக விளங்கியதில்லை. காற்றை அளக்கிறாள் என்பது மட்டும் தெரியும். தலைக்கு மேலே மெத்ரோ ரயில் ஓட, கீழே பஸ்களும் சாமான் வான்களும் புகை கக்கிக்கொண்டு வரிசையில் நிற்க, இந்தக் காற்றை விட்டுவிட்டு இவள் ஏன் அரை நாள் கார் ஓடி யாரும் போகாத மேட்டு நிலத்துக்குப் போகிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அவளுடைய பெரியப்பா மகாலிங்கம் கல்லாவில் இருந்தபடியே, தன் பிள்ளை ஆளில்லாத இடத்துக் காற்றுக்கு அதிகாரி என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் பெருமைதான் கூட.

தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாயும் சில வருடங்களில் பின்னால் போக, பெரியப்பாவும் பெரியம்மா கோசலையும்தான் கடைக்கு மேலே இருந்த வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கினார்கள். இப்போது புறநகரான எபினேயில் தனியாக இருந்தாலும் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்துவிடுவாள். அப்படி ஒரு சாப்பாட்டில்தான் பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தினாள். பாரிஸின் புகை பாரிஸில் நிற்பதில்லை. வெயில் பட்டு, காற்றோடு போய், போகிற வழியில் ஓசோனாக மாறுகிறது. தெருவில் வாகனங்கள் விடும் புதுப் புகை அந்த ஓசோனைத் தின்றுவிடும். அதனால் பட்டணத்துக்குள் அளந்தால் உண்மை தெரியாது. எல்லாருடைய புகையும் சேர்ந்து கடைசியில் என்னவாகிறது என்று அறிய வேண்டுமென்றால் புகையே இல்லாத இடத்தில் போய் நின்று அளக்க வேண்டும். பக்கத்தில் ஒரு அடுப்பு எரிந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

"அப்ப ஆக்கள் வரக்கூடாத இடம்" என்றார் மகாலிங்கம்.

"ஓம் பெரியப்பா. வந்தாக் கெட்டுப்போகும்."

அப்படிப்பட்ட இடங்கள் சில அவள் பொறுப்பில் இருந்தன. அவற்றில் அவளுக்கு உயிரானது தென்கிழக்கே ஒரு மேட்டுப் புல்வெளியின் ஓரத்தில் இருந்த நிலையம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே நடந்து திரிந்து தெரிந்தெடுத்த இடம். ஒரு வெள்ளைத் தகரக் கூடு, கூரையில் காற்றை உறிஞ்சும் குழாய், உள்ளே இரவு பகலாக மூசிக்கொண்டிருக்கும் கருவிகள். காட்டுப் பாதை வழியாக மின்கம்பி வந்தது. சரிவுக்குக் கீழே கூரை சரிந்த பழைய பன்றிக் கொட்டகை ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதைத் தவிர கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமில்லை.

அந்த வருடம் அந்த நிலையத்துக்கு ஒரு வாழ்வு வரவிருந்தது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு வலையமைப்பில் அதைச் சேர்க்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமியின் இந்தப் பாதியில் வசந்த காலத்தில்தான் பக்கத்துப் புகை கலக்காத பின்னணி ஓசோன் உச்சிக்கு ஏறும். ஆகவே வசந்தகாலத் தரவு ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தால் நிலையம் சேரும், மிருணாளினி அதன் பொறுப்பாளர் ஆவாள். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். அவள் பாரிஸின் சுற்றுவட்டச் சாலையோரம் லொறிப் புகையை அளந்துகொண்டிருக்க வேண்டியதுதான். இதைச் சொன்னவர் அவளுடைய மேலதிகாரி மார்செல். ஓய்வுபெற இருந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். தன் கதிரை அவளுக்கு வர வேண்டும் என்று விரும்பினார்.

தை மாதக் கடைசியில் கோடு கெடத் தொடங்கியது.

கணினித் திரையில் ஓசோன் கோடு தண்ணீர் மாதிரிப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று கிணற்றுக்குள் விழுந்தது போல அடியில் போய் நிற்கும். அதே நேரம் நைட்ரஜன் ஒக்சைட்டின் கோடு செங்குத்தாக ஏறும். பிறகு இரண்டும் பழைய இடத்துக்கு வரும். விடிய ஒரு தடவை, பொழுதுபட ஒரு தடவை, குளிர் கூடிய நாட்களில் இரவெல்லாம். பக்கத்தில் எங்கோ எண்ணெய் எரிகிறது. கெட்ட மணிநேரங்களை வெட்டிவிடலாம்தான். ஆனால் வெட்டினால் பாதி மாதம் போய்விடும், பாதி மாதத்தை வைத்து யாரும் நிலையத்தைச் சேர்க்க மாட்டார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் தேடிக்கொண்டு போனாள். நிலையத்தைச் சுற்றி வருடா வருடம் மண்டிக் கிடக்கும் முட்பற்றையை யாரோ வெட்டித் துப்புரவாக்கி இருந்தார்கள். ஊராட்சிக்காரரின் வேலை என்று நினைத்தாள். சரிவில் இறங்கியபோதுதான் ஜெனரேட்டரின் சத்தம் கேட்டது. கொட்டகைக்குப் பின்னால் நீளமான பொலித்தீன் கூடாரங்கள் இரண்டு முளைத்திருந்தன. உள்ளே மங்கலாக வெளிச்சம். அதற்கு முன்னால் ஒருவர் குந்தியிருந்து ஜெனரேட்டரை ஏசிக்கொண்டிருந்தார்.

"காலமைதானே எண்ணெய் குடிச்சனி. இப்ப என்ன இருமல் உனக்கு?"

தமிழ். அந்த மேட்டில், அந்தக் குளிரில், சுத்தமான வன்னித் தமிழ். மிருணாளினி ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "அண்ணை" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வை பேயைக் கண்டவனின் பார்வை. அது மெல்ல மாறி, வாயெல்லாம் பல்லாக, இரண்டு கைகளையும் சாரம் போல இடுப்பில் சுற்றியிருந்த கம்பளியில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

பெயர் சிவமணி. கிளிநொச்சிப் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அகதி வழக்கு இரண்டு தரமும் நிராகரிக்கப்பட்டு, லா சப்பலில் ஒரு கடையின் நிலவறையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கடைக்குச் சோதனை வரப்போகிறது என்று கதை அடிபட, முதலாளி வானில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார். முளைக்கீரை, வல்லாரை, பச்சை மிளகாய் நாற்று. வெள்ளிக்கிழமைகளில் வான் வந்து கீரையை ஏற்றிப் போகும். மற்ற நாட்களில் மனித முகம் இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுக்க ஒரு ஆள் கிடைத்த சந்தோசத்தில் குவளையை இரண்டு தரம் கழுவினார். சீனி போடாமல் தந்தார். தனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, இங்கே சீனியே வைத்திருப்பதில்லை என்று மன்னிப்புக் கேட்டார். பற்றையை வெட்டியது தான்தான் என்றார். அந்தக் கூடு மூசுகிற சத்தம் இரவில் துணையாக இருக்கிறதாம். சும்மா இருக்கிற நேரத்தில் அதற்கு ஏதாவது செய்யலாமே என்று பட்டதாம்.

முதலாளி நல்லவர் என்றார். கடையில் வேலை செய்ததாக எழுதித் தருவார், அதை வைத்து வதிவிடக் 'காட்' எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எந்தக் கடை என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த பெட்டிகளின் மஞ்சள் ஒட்டுத்தாளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள். அவள் சனிக்கிழமைகளில் சாப்பிட்ட கீரையும் இதுதான்.

மகாலிங்கம் தன் பெரியப்பா என்று அவள் சொல்லவில்லை. ஜெனரேட்டர் புகை அளவையைக் கெடுக்கிறது என்பதை மட்டும் சொன்னாள். சிவமணிக்கு முகம் வாடிப்போனது. எந்த நேரம் வேண்டாம் என்கிறாளோ அந்த நேரம் நிற்பாட்டி வைப்பதாகச் சொன்னார். ஆனால் எந்த நேரமும்தான் வேண்டாம். கூடாரத்துக்கும் அவர் படுக்கிற மூலைக்கும் சூடு தருவது அது ஒன்றுதான். கொட்டகைக்கு மின்சாரம் எடுத்தால் ஆள் இருப்பது ஊராட்சிக்குத் தெரிந்துவிடும் என்று முதலாளி எடுக்கவில்லை.

சிவமணி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, உங்கடை கூட்டிலை கரண்ட் இருக்குத்தானே? ஒரு வயர் இழுத்தா ஒரு சின்ன ஹீட்டர் போடலாம். அதிலை புகை வராது. கூடாரம் போனாப் போகட்டும். எனக்கு மட்டும்."

இழுத்திருக்கலாம். கூட்டுக்குப் பின்புறத்தில் திருத்த வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு பிளக் பொயின்ற் சும்மாவே இருந்தது. யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் கணக்கில் மின்சாரம் கூடினால் மார்செல் கேட்பார், கேட்டால் அங்கே ஓர் ஆள் இருப்பது வெளியே வரும். ஆள் இருக்கிற இடம் பின்னணி நிலையம் ஆகாது. அது அரசாங்க மின்சாரம், தன்னால் கொடுக்க ஏலாது என்று அவள் சொன்னாள். சிவமணி உடனே, அது சரி, அது சரி என்று தலையாட்டினார். கேட்டதற்காக அவரை வெட்கப்பட வைத்துவிட்டுத்தான் அவள் மேடேறினாள்.

நிர்வாகத்துக்கு எழுதினால் பொலிஸ் வரும், மனுசனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதை அவள் செய்யவில்லை. செய்யாதது ஒரு பெரிய தயவு என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு காரோட்டினாள். பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொன்னால் ஆளை வேறெங்காவது மாற்றிவிடுவார்.

சனிக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துச் சொன்னாள். மகாலிங்கம் குறுக்கே பேசாமல் கேட்டார். கோப்பி எடுத்து வரச் சொன்னார். சிவமணி என்னென்ன சொன்னார், அவள் இன்னாருடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியுமா என்று மட்டும் விசாரித்தார். தெரியாது என்றதும் முகம் தெளிந்தது.

"உனக்கு இப்ப என்ன வேணும் பிள்ளை? சொல்லு."

"எனக்குப் புகை நிண்டாப் போதும் பெரியப்பா."

"அவ்வளவுதானே. விடு, நான் பாக்கிறன்."

செத்தல் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பொதி கட்டிக்கொண்டிருந்த கோசலை தலையை நிமிர்த்தினாள். அந்தக் கடையில் கணவர் பேசும்போது அவள் பேசுவது அபூர்வம்.

"புகை நிண்டா அந்த மனிசன் என்னத்திலை குளிர் காயும்?"

 வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து கருவாடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து கோடு திருந்தியது. ஒரு பள்ளமில்லை, ஒரு முள்ளில்லை. வெயிலோடு ஏறி, இரவோடு மெல்லத் தாழ்ந்து, மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூட ஏறி, புத்தகத்தில் வரைந்து வைத்தது போல வசந்தம் தொடங்கியது. மார்செல் அவளுடைய மேசைக்கு வந்து திரைக்கு முன்னால் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார். ஒரு தோட்டக்காரரின் ஜெனரேட்டர் இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றாள். அவர் அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நிலையம் வெப்பநிலையையும் அளக்கும். ஓசோன் கோட்டுக்குக் கீழே நீல நிறத்தில் அது ஓடும். பங்குனி நடுப்பகுதியில் எல்லாரும் குளிர் முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில் வடக்கிலிருந்து காற்றுத் திரும்ப, நீலக் கோடு பூச்சியத்துக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தது. ஒரு கிழமைக்கும் மேலாக அது ஏறவில்லை. மிருணாளினி ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்தாள். சிவமணியை மாற்றியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டாள். கேட்டால் தெரிந்துவிடும். சனிக்கிழமைகளில் பெரியப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், கேட்கவில்லை. வழக்கமாகப் போகும் பயணத்தையும் ஒத்திப்போட்டாள். கருவிகள் தூரத்திலிருந்தே ஒழுங்காகப் பதில் சொல்கின்றன, போகத் தேவையில்லை என்று மார்செலுக்குக் காரணம் சொன்னாள். கோசலை ஒரு தடவை, வெள்ளிக்கிழமை வானில் ஒரு கம்பளி அனுப்பப் பார்த்ததாகவும், மகாலிங்கம் இனி அங்கே வான் போகாது என்று சொல்லிவிட்டதாகவும் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னாள். மிருணாளினி ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

சித்திரை பிறந்த பிறகு வடிகட்டி மாற்றாமல் முடியாது என்றாகி, போனாள். தகரக் கூட்டில் வேலையை முடித்தாள். பிறகு, போகாமல் இருக்க முடியாமல் சரிவில் இறங்கினாள்.

கூடாரங்கள் கிழிந்து தொங்கின. நாற்றெல்லாம் கருகி, கறுத்த நூல் போலக் கிடந்தன. கொட்டகைக் கதவைத் திறந்தபோது முதலில் மணம்தான் வந்தது. அழுகல் மணம். உள்ளே வைக்கோலையும் பழைய பெட்டி மட்டைகளையும் குவித்து அதற்குள் ஒரு மனிதன் கிடந்தான். அவளைக் கண்டதும் சிவமணி கைகளை ஊன்றிப் பின்னுக்கு நகர்ந்தார். சுவர் முட்டும் வரை நகர்ந்தார்.

"நான் ஒண்டும் மூட்டேல்லை மடம். நீங்கள் பாருங்கோ, இஞ்சை சாம்பல் கூட இல்லை. உங்கடை மெசினைப் பாருங்கோ, அது சொல்லும்."

தங்கச்சி என்று கூப்பிட்ட மனுசன் இப்போது அதிகாரியைக் கூப்பிடுவது போல மடம் என்றார்.

விசயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலாளி நேரே வந்து ஜெனரேட்டரை வானில் ஏற்றியிருக்கிறார். அரசாங்கப் பெண் முறைப்பாடு கொடுத்துவிட்டாள், நெருப்புக் குச்சி கிழித்தாலும் அவளுடைய கருவி காட்டிக் கொடுத்துவிடும், அடுத்த தடவை பொலிசோடுதான் வருவாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்த மனுசன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சுற்றிலும் காடு நிறைய விறகு கிடக்க, ஒரு சுள்ளி மூட்டாமல் அந்தக் குளிரைக் கிடந்து தின்றிருக்கிறார். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்த அவலும் கீரையும் சாப்பாடு. வான் நின்ற பிறகு கீரை மட்டும். நாற்றுக் கருகியது தெரிந்து மகாலிங்கம் தொலைபேசியில் ஏசினாராம். அதற்குப் பிறகு இவர் அழைத்தால் முதலாளி எடுப்பதில்லையாம்.

அவருடைய இடது காலில் சப்பாத்து இருந்தது. ஈரச் சப்பாத்து. சீனி வருத்தக்காரருக்குக் காலில் நோவு தெரியாது. கழற்றினால் திரும்பப் போட முடியாதோ என்று கழற்றாமலே விட்டிருக்கிறார். அவள் கத்தரியால் வெட்டித் திறந்தாள். பாதம் முழுக்கக் கறுத்திருந்தது.

மிருணாளினி வெளியே வந்து பெரியப்பாவை அழைத்தாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான். அந்த ஆளைத் தனக்குத் தெரியாது, லா சப்பலுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அவள் அவரைக் காரின் பின்சீட்டில் கிடத்தி, அருகிலிருந்த பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நீங்கள் யார் என்று தாதி கேட்டபோது, வழியில் கண்டேன், ஒரே மொழி பேசுவதால் கூட்டிவந்தேன் என்றாள். இளம் வைத்தியர் ஒருவர் பாதத்தைப் பார்த்து, கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டும், இன்றைக்கே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று சொல்லி, அவருக்கு விளங்கப்படுத்தி ஒப்புதல் வாங்கித் தரும்படி கேட்டார். சிவமணி கட்டிலிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் மடம்?"

முழுவதையும் சொன்னால் அவர் அழுவார், மறுப்பார், கையைப் பிடித்துக்கொள்வார். இரவெல்லாம் அங்கே இருக்க வேண்டி வரும். பெயர் கேட்பார்கள்.

"ஒரு சின்ன ஒப்பரேஷனாம் அண்ணை. பயப்பிட ஒண்டுமில்லை."

அவர் நிம்மதியாகத் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார். காட்டிக் கொடுக்காததற்கு நன்றி என்றார். அவள் கார் நிறுத்திய இடத்துக்கு வந்து, ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டு, பின்சீட்டு மணம் போகும் வரை கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பாரிசுக்குத் திரும்பினாள்.

வைகாசியில் வலையமைப்புக்காரர்கள் தரவை ஏற்றுக்கொண்டார்கள். அத்தோடு நிலையத்தின் சூழலைப் பற்றி ஓர் உறுதிமொழி வேண்டியிருந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பில்லை, எரிப்பு மூலம் எதுவுமில்லை. மார்செல் அதை அவள் முன் வைத்தார். மகாலிங்கம் கொட்டகைக் குத்தகையை அதற்குள் விட்டுவிட்டிருந்தார். இப்போது அது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டு கையெழுத்திட்டாள். அந்தச் சனிக்கிழமை பெரியப்பா நண்டுக் கறி வைப்பித்து, கடைப் பொடியன்களையும் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பதவி கிடைத்திருக்கிறது என்று விருந்து வைத்தார். கோசலை எல்லாருக்கும் பரிமாறினாள். தான் தலையிடி என்று சொல்லி உட்காரவில்லை.

ஆவணிக் கடைசியில் லா சப்பலில் பிள்ளையார் தேர். தெருவெல்லாம் சிதறு தேங்காய், மஞ்சள் தண்ணீர், கற்பூரப் புகை. எல்லா ஊர்த் தமிழரும் அன்றைக்கு அங்கேதான். திரான்சி, ஓல்னே போன்ற புறநகர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தேர் போன பிறகு மிருணாளினி கோசலையோடு கடைப் பக்கம் திரும்பி நடந்தபோது, ஊன்றுகோல்களில் ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து பிரிந்து வந்து வழியில் நின்றார். வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. இடது கால் வேட்டியின் கரைக்குக் கீழே வரவில்லை.

சிவமணி கோபத்தோடு வரவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. திரான்சியில் ஒரு வீட்டுக் கராஜில் இருக்கிறாராம். அகதிகளுக்கு உதவுகிற ஒரு அமைப்பு அவருக்காக வழக்குப் போட்டிருக்கிறது. வேலை செய்ததற்கும் இருந்த இடத்துக்கும் சாட்சி காட்டினால் காலையும் காட்டி வதிவிட உரிமை கேட்கலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறாராம். முதலாளி ஆளே தெரியாது என்கிறார்.

"அந்த இடத்திலை என்னைக் கண்ட ஒரே ஆள் நீங்கள்தான். கண்டனான் எண்டு ஒரு வரி எழுதித் தந்தாப் போதும் மடம். வேறை ஒண்டும் கேக்கேல்லை. காலுக்கு நீங்கள் என்ன செய்வியள்? உயிரைத் தந்ததே நீங்கள்தான்."

கண்டேன் என்று எழுதினால் அந்த உறுதிமொழி பொய். வசந்தம் முழுக்க அங்கே ஓர் ஆள் இருந்தார். நிலையம் போகும், கதிரை போகும், பெரியப்பா நீதிமன்றத்தில் நிற்பார். தெருமுனையில் தேர்க் காவலுக்கு வந்த பொலிஸ்காரர் இருவர் நின்று தேங்காய்த் துண்டு தின்றுகொண்டிருந்தார்கள். மிருணாளினி சிவமணியைப் பார்த்து, தெளிவான பிரெஞ்சில், பொலிஸ்காரருக்கும் கேட்கிற குரலில், நீங்கள் என்னை வேறு யாரோ என்று நினைக்கிறீர்கள் ஐயா, எனக்கு உங்களைத் தெரியாது, தயவு செய்து வழியை விடுங்கள் என்றாள்.

பொலிஸ்காரரில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். சிவமணிக்கு அந்தப் பிரெஞ்சு விளங்கியதோ என்னவோ, பார்வை விளங்கியது.  "சரி மடம்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்த் தண்ணீரில் கோல் வழுக்காமல் ஒவ்வொன்றாக ஊன்றிக் கூட்டத்துக்குள் போனார்.

கோசலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இருவரும் கடை வாசலுக்கு வந்தார்கள். வாசலில் நின்று கேட்டாள்.

"இவர்தானோ அந்த மனிசன்?"

"ஓம்."

"உன்னை நான்தான் வளத்தனான்" என்றாள் கோசலை. ஏசுவது போலச் சொல்லவில்லை. விலாசத்தை உறுதிப்படுத்துவது போலச் சொன்னாள்.

அடுத்த கிழமை கோசலை அந்த அமைப்பின் அலுவலகத்தைத் தேடிப்போய், சிவமணி தங்கள் கடை நிலவறையில் வேலை செய்தவர் என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொன்னாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனம் ஒரு பின்னேரத்தில் முடிந்தது. மகாலிங்கம் அவளுடைய உடுப்புகளைக் கறுத்தக் குப்பைப் பைகளில் கட்டித் தெருவில் வைத்தார். வேலைக்காரப் பொடியன்கள் கண்டும் காணாதது போல மரக்கறிப் பெட்டி இறக்கினார்கள். அவள் பைகளோடு ஓல்னேயில் இருக்கும் தங்கையிடம் போனாள். அங்கிருந்து ஒரே ஒரு தடவை மிருணாளினிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"கடையிலை நிண்டதை நான் எழுதிக் குடுத்திட்டன். அது நாலு மாசம்தான், போதாதாம். அங்கை இருந்ததை நான் காணேல்லை. கண்டது நீ. இன்னும் நாள் இருக்கு, பிள்ளை."

யோசிக்கிறேன் என்றாள் மிருணாளினி. யோசிக்கவில்லை. சாட்சி கொடுக்க இருந்த நாள் முடிந்தது. ஐப்பசியில் சிவமணிக்கு நாட்டை விட்டு வெளியேறும்படி கட்டளை வந்தது. மார்கழியில் கார் து நோர் ரயில் நிலையப் படிக்கட்டில் வைத்துப் பிடித்தார்கள். ஒற்றைக் காலோடு எங்கே ஓடுவது? கொழும்பு விமானத்தில் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் இருத்தி அனுப்பினார்களாம். ஊன்றுகோல்கள் விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாத சாமான் என்று கீழே போட்டதாகவும், அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஏற்றியதாகவும் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். மகாலிங்கம் அவருக்கு மீதிக் காசைக் கொடுத்து, அடுத்த ஆளைப் பார்த்தார்.

மார்செல் ஓய்வுபெற, மிருணாளினி அவருடைய அறைக்குப் போனாள். வேலை கூடிவிட்டதால் எபினேயிலிருந்து வந்து போவது கரைச்சலாக இருந்தது. கடைக்கு மேலே கோசலையின் அறை சும்மா கிடந்தது. பெரியப்பாவே கேட்டார், அவளும் வந்துவிட்டாள்.

சனிக்கிழமைச் சாப்பாடு இப்போது அவர்கள் இருவருக்கும்தான். மகாலிங்கமே சமைப்பார். உறைப்புக் கொஞ்சம் கூடிப்போகும். ஒரு தடவை அவளுடைய சோற்றுக் கோப்பையில் இறைச்சியை அள்ளி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அவளும் என்னை விட்டிட்டுப் போட்டாள். கடைசியிலை நீதான் எங்கடை ஆள்."

அவர் அதை மனதாரச் சொன்னார். மிருணாளினி சோற்றுக் கோப்பையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து கூட்டம், அறிக்கை என்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நல்ல பசி. சோற்றைக் குழைத்து அவள் சாப்பிடத் தொடங்கினாள்.